லோக்கலா, ரீஜினலா? ஒன்ராறியோவில் ட்ரக் வேலை எடுக்க முன் போடவேண்டிய கணக்கு

கேள்வி: ஸ்காபரோவில் இருக்கிறேன். ஏ-செட் லைசன்ஸ் (பெரிய ட்ரெயிலர் ட்ரக் ஓடுகிற லைசன்ஸ்) எடுத்து இரண்டு வருடம், இதுவரை ஓடியது லோங் ஹோல், அதாவது நாட்கணக்கில் தூர ஓட்டம். இப்போது இரண்டு வேலை கைக்கு வந்திருக்கிறது. ஒன்று பிரம்டனில் லோக்கல் கொண்டெயினர்: மணிக்கு 30 டொலர், தினமும் வீடு. மற்றது மிச்சிகன், ஒஹையோ பக்கம் ரீஜினல்: மைலுக்கு 62 சதம், திங்கள் போய் வெள்ளி வரலாம் என்கிறார்கள். மனைவியும் வேலை செய்கிறார், பிள்ளைகள் இரண்டு பேரும் பள்ளிக்கூடம். எதை எடுக்கலாம்?

பதில்:

"தினமும் வீடு" என்பதையும் "62 சதம்" என்பதையும் ஒரு பக்கம் வையுங்கள். இரண்டும் விளம்பரச் சொற்கள். நீங்கள் கண்டுபிடிக்கவேண்டியது ஒன்றுதான்: ட்ரக் ஓடாமல் நிற்கிற நேரத்துக்கு யார் காசு தருகிறார்கள்? கொண்டெயினர் யார்ட்டில் வரிசையில் நிற்கிறதும், களஞ்சியத்தில் சரக்கு ஏற்றி இறக்குகிற டொக்கில் இறக்கும்வரை இருக்கிறதும், எல்லையில் காத்திருக்கிறதும், 401 நெடுஞ்சாலையில் நெரிபடுவதும் இரண்டு வேலையிலும் உண்டு. அந்த நேரம் கொம்பனியின் கணக்கில் விழுகிறதா, உங்கள் கணக்கில் விழுகிறதா என்பதில்தான் வேறுபாடு.

லோக்கல், ரீஜினல் என்ற பெயர்களை ஒவ்வொரு கொம்பனியும் தன் வசதிக்குப் பாவிக்கிறது. ஆனால் தூரத்தை வைத்துச் சட்டம் கோடு போடுகிற இடங்கள் சில இருக்கின்றன. எந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்பது சம்பளத்தை நேரடியாகவே பாதிக்கும்.

முதலாவது கோடு 160 கிலோமீட்டர். உங்கள் யார்ட்டில் இருந்து அந்த ஆரைக்குள் ஓடி, தினமும் அதே யார்ட்டுக்குத் திரும்பி, குறைந்தது 8 மணித்தியாலம் தொடர்ந்து ஓய்வெடுத்தால் தினசரி லொக் (வேலை நேரக் குறிப்பு) எழுதத் தேவையில்லை. அதைத் தானாகப் பதிகிற ஈ.எல்.டி கருவியும் தேவையில்லை. நேரப் பதிவைக் கொம்பனி ஆறு மாதம் வைத்திருக்க வேண்டும். பிரம்டனில் இருந்து பார்த்தால் பரி, கேம்பிரிட்ஜ், பீற்றர்பரோ உள்ளே. கிங்ஸ்டன், ஒட்டாவா வெளியே. இதில் பலர் பிழையாக விளங்கிக்கொள்கிற விஷயம் ஒன்று உண்டு. லொக்கில் இருந்துதான் விலக்கு, நேர வரம்பில் இருந்து இல்லை. நாளுக்கு ஓட்டம் 13, மொத்த வேலை 14, வேலை தொடங்கியதில் இருந்து 16 மணித்தியாலத்துக்குப் பிறகு ஓடக்கூடாது, கிழமைக்கு 70 என்ற எல்லாம் லோக்கல் சாரதிக்கும் பொருந்தும். கருவி இல்லாத வண்டியில் "இன்னும் ஒரு பெட்டி எடுத்துவிட்டு வா" என்று டிஸ்பாச்சர் (ஓட்டங்களைப் பிரித்துக் கொடுக்கிறவர்) சொல்வது லேசு. பதினைந்தாவது மணித்தியாலத்தில் யாரையாவது இடித்தால் பொலிஸ் யார்ட் பதிவைக் கேட்கும், அப்போது நிற்கப்போவது நீங்கள்.

இரண்டாவது கோடு ஓவர்டைம். மாகாணத்துக்கு வெளியே அல்லது அமெரிக்காவுக்கு வழமையாக ஓடுகிற கொம்பனி மத்திய அரசின் தொழிற்சட்டத்துக்குள் வரும். அங்கே நகரச் சாரதி என்று வகைப்படுத்தினால் கிழமைக்கு 45 மணித்தியாலத்துக்குப் பிறகு ஒன்றரை மடங்கு. நெடுஞ்சாலைச் சாரதி என்றால் 60க்குப் பிறகு. நகரச் சாரதி என்பதற்கு அடிப்படை யார்ட்டில் இருந்து 16 கிலோமீட்டர் ஆரை. அந்தப் பகுதியில் தொழிலில் நிலவும் வழக்கமும் கூட்டு ஒப்பந்தமும் கணக்கில் எடுக்கப்படும். ஒன்ராறியோவுக்குள் மட்டும் ஓடுகிற கொம்பனி மாகாணச் சட்டத்துக்குள் வரும். அங்கே லோக்கல் காட்டேஜ், அதாவது ஒரு நகராட்சிக்குள்ளும் அதன் எல்லையில் இருந்து 5 கிலோமீட்டர் வரையும் ஓடுகிறவருக்கு 50. அதற்கு வெளியே ஓடினால் 60. பிரம்டன் யார்ட்டில் இருந்து மில்டனுக்கும் ஓஷாவாவுக்கும் பெட்டி எடுத்துப் போகிறவரை "லோக்கல்" என்று கூப்பிட்டுவிட்டு, ஓவர்டைம் கணக்கில் மட்டும் நெடுஞ்சாலைச் சாரதியாக்கிவிடலாம். பெயர் அங்கே, காசு இங்கே. ஆகவே நேர்முகத்தில் "ஓவர்டைம் உண்டா" என்று கேட்காதீர்கள். "கிழமைக்கு எத்தனை மணித்தியாலத்துக்குப் பிறகு, ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதா" என்று கேளுங்கள்.

மூன்றாவது கோடு வருமானவரியில் இருக்கிறது. அதைக் கீழே சொல்கிறேன்.

இப்போது உங்கள் இரண்டு வேலையையும் ஒரு கிழமைக்கு விரித்துப் பார்ப்போம். மணிக் கூலியும் மைல் கூலியும் நீங்கள் சொன்னவை. மற்ற நேரங்கள் இந்த மாதிரி ஓட்டங்களுக்கு நியாயமாகப் போடக்கூடியவை. உங்கள் கொம்பனி சொல்கிற எண்களை அந்த இடங்களில் போட்டு நீங்களே திருப்பிக் கணக்குப் பாருங்கள்.

லோக்கல்: காலை 4 மணிக்கு யார்ட்டில் பஞ்ச், பின்னேரம் 3 மணிக்கு முடிவு. நாளுக்கு 11, கிழமைக்கு 55 மணித்தியாலம். ஓவர்டைம் 60க்குப் பிறகுதான் என்றால் 55 × 30 = 1,650 டொலர். 45க்குப் பிறகு என்றால் 1,350 + 450 = 1,800 டொலர். ஒரே வேலை, ஒரே நேரம், கிழமைக்கு 150 டொலர் வித்தியாசம். 50 கிழமைக்கு 7,500. மணிக் கூலியில் ஒரு டொலர் கூட்டித் தரச்சொல்லிப் பேரம் பேசுவதைவிட இந்த ஒரு கேள்வி பெறுமதியானது.

ஆனால் நீங்கள் இருப்பது ஸ்காபரோவில், யார்ட் பிரம்டனில். விடிய மூன்றேகாலுக்கு 401 காலியாக இருக்கும், 40 நிமிடத்தில் போய்விடலாம். பின்னேரம் 3 மணிக்குக் கிழக்குப் பக்கம் திரும்பி வருகிற பாதையைப் பற்றி ஸ்காபரோவில் இருக்கிறவருக்குச் சொல்லத் தேவையில்லை: 80 நிமிடம், மழை என்றால் கூட. காசு கட்டி ஓடுகிற 407 எடுத்தால் நேரம் குறையும், மாதக் கடைசியில் பில் வரும். ஆக நாளுக்கு 2 மணித்தியாலம், கிழமைக்கு 10. காரில் கிழமைக்கு 500 கிலோமீட்டர். 1,650 டொலரை 65 மணித்தியாலத்தால் பிரித்தால் மணிக்கு 25 டொலர் 38 சதம். 1,800 என்றால் 27 டொலர் 69 சதம். முப்பது டொலர் வேலை என்று எடுத்தது இந்த இடத்தில் வந்து நிற்கிறது.

ரீஜினல்: கிழமைக்கு 2,400 மைல் தருவார்கள் என்று வைப்போம். 2,400 × 0.62 = 1,488 டொலர். அந்த மைலை ஓட ஏறக்குறைய 45 மணித்தியாலம் பிடிக்கும். அதோடு தினசரிப் பரிசோதனை, டீசல், ஏற்றி இறக்கல், எல்லை, ட்ரெயிலர் மாற்றுவது என்று 17 மணித்தியாலம் போடுங்கள். மொத்த வேலை 62. அந்த 17க்கும் ஒன்றும் தராத கொம்பனி என்றால் மணிக்கு 24 டொலர். யார்ட்டுக்குப் போய்வருகிற 2 மணித்தியாலத்தையும் சேர்த்தால் 23 டொலர் 25 சதம். லோக்கலைவிடக் குறைவு, அதுவும் நாலு இரவு வீட்டில் இல்லாமல். ஆனால் அதே 17 மணித்தியாலத்துக்கும் மணிக்கு 20 டொலர் வீதம் தருகிற கொம்பனி என்றால் 340 டொலர் கூடி 1,828 ஆகும். பயணமும் சேர்த்து மணிக்கு 28 டொலர் 56 சதம். இப்போது ரீஜினல் மேலே போய்விட்டது. மைல் கூலி இரண்டிலும் ஒரே 62 சதம்தான்.

இதனால்தான் மைல் கூலியைக் கேட்டுவிட்டு எழும்பி வரக்கூடாது. டொக்கில் காத்திருப்புக் காசு எத்தனை மணித்தியாலத்துக்குப் பிறகு தொடங்குகிறது? வழமையாக முதல் இரண்டு மணித்தியாலம் இலவசம் என்பார்கள். நாளுக்கு இரண்டு டொக், ஒவ்வொன்றிலும் ஒன்றேமுக்கால் மணித்தியாலம் நின்றால் மூன்றரை மணித்தியாலம் சும்மா போகும், ஒரு சதமும் வராது. அந்தக் காசைச் சரக்குக்காரர் கொடுத்தால்தான் உங்களுக்கா, கொடுக்காவிட்டாலும் கொம்பனி தருமா? ஒவ்வொரு பிக்கப்புக்கும் டெலிவரிக்கும், ஒவ்வொரு எல்லைக் கடப்புக்கும் தனியாக எவ்வளவு? லோட் கிடைக்காமல் ஒரு இரவு நிறுத்தி வைத்தால்? பிறகு மைலை எப்படி அளக்கிறார்கள்? ஓடோமீட்டரில் ஓடிய மைலா, மென்பொருள் காட்டுகிற குறுக்கு மைலா? குறுக்கு மைல் என்றால் நீங்கள் உண்மையில் ஓடுவதைவிட 5 வீதமோ அதற்கு மேலோ குறைந்து வரலாம். 2,400இல் 5 வீதம் 120 மைல், கிழமைக்கு 74 டொலர்.

வருமானவரிக் கோடு இதுதான். 24 மணித்தியாலத்துக்குக் குறையாமல் வீட்டை விட்டு, வீட்டில் இருந்து 160 கிலோமீட்டருக்கு அப்பால் சரக்கு கொண்டுபோகிற லோங் ஹோல் சாரதி சாப்பாட்டுச் செலவில் 80 வீதத்தை வருமானத்தில் கழிக்கலாம். ரி.எல்.2 படிவம், கொம்பனி கையெழுத்திட வேண்டும். ரசீது சேர்க்காத இலகு முறையில் ஒரு சாப்பாட்டுக்கு 23 டொலர், ஒவ்வொரு நாலு மணித்தியாலத்துக்கும் ஒன்று, 24 மணித்தியாலத்தில் மூன்றுக்கு மேல் இல்லை. திங்கள் காலை 5 மணிக்கு வெளிக்கிட்டு வெள்ளி பின்னேரம் 3 மணிக்கு வந்தால் 14 சாப்பாடு: 322 டொலர், அதில் 80 வீதம் 257 டொலர் 60 சதம். வருடத்தில் 46 கிழமை ஓடினால் ஏறக்குறைய 11,850 டொலர் வருமானத்தில் கழியும். உங்கள் மேல் வரி வீதம் 30 என்றால் கையில் மிஞ்சுவது மூவாயிரத்தைந்நூறு டொலர் அளவு. பயணப் பதிவு மட்டும் ஒழுங்காக வைத்திருக்க வேண்டும். லோக்கல் சாரதிக்கு இது கிடையாது.

ஆனால் அந்த மூவாயிரத்தைந்நூறு சும்மா வருகிற காசு இல்லை. ட்ரக் ஸ்டொப்பில் நாளுக்கு 50 டொலருக்குச் சாப்பிட்டால் வரியில் மிஞ்சியதைவிடக் கூடப் போய்விடும். 12 வோல்ட் சூடாக்கும் பெட்டி ஒன்றும், வண்டியில் நல்ல ஃபிரிட்ஜும், இன்வேட்டரில் சின்ன ரைஸ் குக்கரும் இருந்தால் நாலு நாள் சோறு கறி ஓடும். அமெரிக்கப் பக்கம் போகையில் இறைச்சி, பழம், மரக்கறி எல்லாவற்றையும் அதிகாரி கேட்டால் உள்ளபடி சொல்லுங்கள். பச்சைக் கறிவேப்பிலையைக் கொண்டு போகவே வேண்டாம். எலுமிச்சை, தோடை மரங்களுக்கு வருகிற நோயைப் பரப்பும் பூச்சி அந்த இலையிலும் வாழும், அதனால் அங்கே அது கட்டுப்பாட்டில் உள்ள பொருள். சமைத்து எடுத்துப்போவது தலையிடி குறைவு.

எல்லை என்று வந்தபடியால் அதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த ரீஜினல் வேலையே எல்லை தாண்டுகிற வேலை. கனடியக் குடியுரிமை இருந்தால் பாஸ்போர்ட் போதும். இன்னும் நிரந்தரவாசியாக இருந்து இலங்கை அல்லது இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்தால் அமெரிக்க பி-1 விசா வேண்டும்; அது இல்லாமல் வேலையை ஒத்துக்கொள்ளாதீர்கள். லைசன்சில் டபிள்யு என்ற குறி இருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள். இருந்தால் மருத்துவக் காரணத்தால் அமெரிக்காவில் வர்த்தக வண்டி ஓட முடியாது. போதைப்பொருள் சோதனை வேலைக்கு முன்பும் உண்டு, இடையில் சொல்லாமலும் கூப்பிடுவார்கள். கனடாவில் 2018 ஒக்டோபரில் இருந்து கஞ்சா சட்டப்படி சரி என்பது அமெரிக்கச் சோதனையில் எடுபடாது. 2025 ஜூன் 25இல் இருந்து இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது: வீதியோரச் சோதனையில் அதிகாரியோடு ஆங்கிலத்தில் கதைக்கவோ வீதிப் பலகைகளை விளங்கவோ முடியாவிட்டால் அந்த இடத்திலேயே வண்டியை நிறுத்தி, தொடர்ந்து ஓடவிடமாட்டார்கள். இலக்கணம் பார்ப்பதில்லை, எங்கே இருந்து வருகிறாய், என்ன சரக்கு, எத்தனை மணிக்குத் தொடங்கினாய் என்று கேட்டால் திக்காமல் பதில் வர வேண்டும். இரண்டு வருடம் லோங் ஹோல் ஓடிய உங்களுக்கு இது பழக்கமாக இருக்கும்.

நேர விதியும் மாறும். டிட்ரோயிட் பாலத்தைத் தாண்டியதும் ஓட்டம் 13 இல்லை, 11. வேலை தொடங்கி 14 மணித்தியாலம் ஆனபிறகு ஓட முடியாது. 8 மணித்தியாலம் ஓடினால் 30 நிமிட இடைவேளை. தொடர்ந்து 10 மணித்தியால ஓய்வு. நிறையும் அப்படித்தான். ஒன்ராறியோவில் சரியாக இருக்கிற லோட் அங்கே கூடிப்போகலாம். மொத்தம் 80,000 இறாத்தல், இரட்டை அச்சுக்கு 34,000. பாரமான பலெட் லோட் என்றால் எல்லைக்கு முன்பே தராசில் ஏற்றிப் பாருங்கள். ட்ரெயிலர் அச்சில் 35,000 காட்டினால் பின் சில்லுத் தொகுதியைப் பின்னுக்கு நகர்த்த வேண்டும். அது நகர்கிற சட்டத்தில் வரிசையாக ஓட்டைகள் இருக்கும்; ஒரு ஓட்டைக்குச் சுமார் 250 முதல் 400 இறாத்தல் ட்ரக்கின் அச்சுக்கு மாறும். மூன்று நாலு ஓட்டையில் சரிவந்துவிடும், ஆனால் அந்தப் பக்கத்திலும் 34,000 தாண்டாமல் பார்க்க வேண்டும். நகர்த்தியபிறகு அந்த ஓட்டைகளில் பூட்டுகிற முளைகள் (லொக்கிங் பின்) நாலும் வெளியே வந்து பூட்டியிருக்கின்றனவா என்று குனிந்து பார்க்காமல் வெளிக்கிட வேண்டாம்.

டிஸ்பாச்சர் கேட்கக்கூடாத ஒன்றைக் கேட்டால் அதற்கும் இப்போதே பதிலை வைத்திருங்கள். டொலீடோவில் இறக்கிவிட்டு அங்கேயே ஒரு லோட் ஏற்றிக் கொலம்பஸில் இறக்கு என்றால் முடியாது. கனடியச் சாரதி அமெரிக்காவின் ஒரு ஊரில் ஏற்றி இன்னொரு ஊரில் இறக்குவது குடிவரவு விதிக்கு எதிரானது. பிடிபட்டால் எல்லையில் உங்கள் பெயரில்தான் பதிவு விழும். அது உங்கள் பிழைப்பையே நிறுத்தும்.

கொண்டெயினர் வேலைக்கு வருவோம். பிரம்டனில் சி.என். ரயில் கொண்டெயினர் முனையமும், வோனில் சி.பி.கே.சி. (முன்னைய சி.பி.) ரயில் முனையமும் இருக்கின்றன. வேலை இவற்றுக்கும் சரக்குக் களஞ்சியங்களுக்கும் இடையில்தான் சுற்றும். இதில் பிழை வரக்கூடிய இடங்கள் மூன்று. ஒன்று, வரிசை. கப்பல் ரயில் ஒன்றாக வந்து சேர்கிற நாட்களில் ஒரு பெட்டிக்கு மூன்று மணித்தியாலம் நிற்கலாம். மணிக் கூலி என்றால் கவலை இல்லை. பெட்டிக்கு இவ்வளவு என்று தருகிற இடம் என்றால் அந்தக் கவலை முழுவதும் உங்களுடையது. மணிக்கு 30 என்று சொன்னதை எழுத்தில் வாங்குங்கள். இரண்டு, சசி, அதாவது பெட்டியை ஏற்றி இழுக்கிற சில்லுச் சட்டம். அது உங்கள் கொம்பனியின் வண்டி இல்லாமல் பொதுவான சசியாக இருக்கலாம். பலர் கைமாறி ஓடுகிறது. பிரேக், டயர், விளக்கு, நாலு மூலைப் பூட்டு எல்லாவற்றையும் டோர்ச் அடித்துப் பாருங்கள். தினசரிப் பரிசோதனைத் தாளில் கையெழுத்து உங்களுடையது. சசியில் டயர் நூல் தெரிந்தால் வரிசையில் இருந்து விலகித் திருத்தப் போவதற்கு ஒரு மணித்தியாலம் பிடிக்கும். மணிக் கூலிக்காரர் விலகிப் போவார், பெட்டிக் கூலிக்காரர் போகலாமா விடலாமா என்று யோசிப்பார். கூலி முறை பாதுகாப்பையும் தீர்மானிக்கும் என்பது இதுதான். மூன்று, வண்டி. ஏ-செட் சோதனையை ஒட்டோமற்றிக் ட்ரக்கில் பாஸ் பண்ணியிருந்தால் மனுவல் கியர் ஓட முடியாதபடி லைசன்சில் கட்டுப்பாடு இருக்கலாம். படுக்கை இல்லாத பழைய டே கப் வண்டிகள் நிற்கிற யார்ட் என்றால் முதலே கேளுங்கள். அதோடு, பகல் சாரதியும் இரவுச் சாரதியும் ஒரே வண்டியைப் பாவிக்கிற இடங்களில் இரவுக்காரர் பிந்தினால் உங்கள் நாலு மணி ஐந்தரை ஆகும்.

லோக்கல் என்றால் சுகம் என்று நினைப்பவர்கள் நித்திரையைக் கணக்கில் எடுப்பதில்லை. மூன்றேகாலுக்கு வெளிக்கிட இரண்டரைக்கு எழும்ப வேண்டும். ஏழு மணித்தியாலம் நித்திரை வேண்டும் என்றால் இரவு ஏழரைக்குப் படுக்க வேண்டும். நாலரைக்கு வீட்டுக்கு வந்து, குளித்துச் சாப்பிட்டால் பிள்ளைகளோடு இருக்க இரண்டு மணித்தியாலம். காலையில் பிள்ளைகளை வெளிக்கிடுத்துவது முழுவதும் மனைவியின் தலையில். இது கூடாது என்று சொல்லவில்லை. தினமும் இரண்டு மணித்தியாலம் என்பது சின்ன விஷயம் இல்லை. ஆனால் தொடங்கும் நேரம் நிலையாக இருந்தால் மட்டும். இன்று 4 மணி, நாளை 7 மணி, மறுநாள் 2 மணி என்று மாற்றுகிற யார்ட் என்றால் இரண்டு மாதத்தில் உடம்பு சொல்லிவிடும். அப்படியான லோக்கலைவிட வண்டிக்குள் ஒழுங்காகப் படுத்தெழும்புகிற ரீஜினல் ஆயிரம் மடங்கு மேல்.

ரீஜினலில் நித்திரை தரிப்பிடத்தைப் பொறுத்தது. பின்னேரம் ஏழு எட்டு மணிக்குப் பிறகு 401 ஓரத்து ஒன்ரூட் ஓய்விடங்களில் ட்ரக் இடம் தேடுவது சீட்டுக் குலுக்கல் மாதிரி. விடிய 3, 4 மணிக்குத் தொடங்கி மத்தியானம் தாண்டியதும் நிறுத்துகிறவருக்கு இடம் கிடைக்கும்; காலை 10 மணிக்குத் தொடங்குகிறவர் இரவு கரையில் நிற்பார். ஆகவே லோட் நேரங்கள் எப்படி என்று கேளுங்கள். காசு கொடுத்துத் தரிக்க வேண்டி வந்தால் கொம்பனி திருப்பித் தருமா, வண்டியில் இஞ்சின் ஓடாமல் சூடு தருகிற ஹீற்றர் இருக்கிறதா என்பதும் முக்கியம். மார்கழி, தையில் சார்ணியாப் பக்கம் 402இலும் பஃபலோவுக்குத் தெற்கே ஐ-90இலும் ஏரிப் பனி ஒரு மணித்தியாலத்தில் பாதையை மூடும். 2010 டிசம்பரில் 402இல் முந்நூறு பேருக்கு மேல் இரவிரவாக வண்டிகளுக்குள் மாட்டிக்கிடந்தார்கள். இரண்டு நாள் சாப்பாடும் தண்ணியும் நல்ல போர்வையும் குளிர்காலம் முழுக்க வண்டியில் கிடக்கட்டும்.

"வெள்ளி வீடு" என்பதையும் பிரித்துக் கேளுங்கள். வெள்ளி எத்தனை மணி? திங்கள் காலையா, ஞாயிறு இரவா வெளிக்கிட வேண்டும்? வெள்ளி இரவு 10 மணிக்கு வந்து ஞாயிறு இரவு 10 மணிக்குப் போனால் 48 மணித்தியாலம், விதிப்படி சரி, ஆனால் ஞாயிறு பின்னேரம் முழுக்க நித்திரையில் போகும். இதே ஓட்டம் ஓடுகிற ஒரு சாரதியின் கடைசி நாலு கிழமை வெள்ளி நேரங்களைக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் அதுவே பதில்.

இதெல்லாவற்றுக்கும் மேல் ஒரு கேள்வி: சம்பளம் ரி-4இலா (தொழிலாளிக்குக் கொம்பனி தருகிற வருடாந்தச் சம்பளச் சீட்டு), "கோர்ப்பரேஷன் திறந்து வா" என்கிறார்களா? ட்ரக் உங்களுடையது இல்லை, எப்போது எங்கே ஓடுவது என்று அவர்கள்தான் சொல்கிறார்கள் என்றால் நீங்கள் தொழிலாளிதான். அப்படியான கோர்ப்பரேஷனைத் தனிநபர் சேவைத் தொழில் என்று வருமானவரி முகமை பிரிக்கிறது. சிறுதொழில் வரிச் சலுகை கிடையாது; ஒன்ராறியோவில் அதன் வரி 44.5 வீதம். ஓவர்டைம் இல்லை, விடுமுறைச் சம்பளம் இல்லை, வேலையிழப்புக் காப்புறுதி இல்லை, காயம் பட்டால் நட்டஈட்டுக்கு அலைய வேண்டும், சி.பி.பி. ஓய்வூதியத்துக்குக் கட்டுகிற இரண்டு பங்கும் உங்கள் பையில் இருந்து. மத்திய சட்டத்துக்குள் வருகிற கொம்பனி தொழிலாளியை இப்படி வகை மாற்றுவது 2021 ஜனவரியில் இருந்து தடை. "கையில் கூட வரும்" என்று சொல்வது முதல் வருடம் உண்மை மாதிரி இருக்கும். வரிக் கடிதம் இரண்டு மூன்று வருடம் கழித்து வரும். இரண்டு வேலையில் எது இப்படியானதோ அதை விட்டுவிடுங்கள், மற்றக் கணக்கே பார்க்கத் தேவையில்லை.

ரி-4 என்றால் இன்னொரு வித்தியாசமும் கவனியுங்கள். எல்லை தாண்டுகிற கொம்பனி மத்திய சட்டத்துக்குள் வருவதால் வருடத்தில் 10 நாள் வரை சம்பளத்தோடு சுகவீன விடுப்புச் சேரும். ஒன்ராறியோவுக்குள் மட்டும் ஓடுகிற கொம்பனிக்கு மாகாணச் சட்டம் சம்பளத்தோடு ஒரு நாளையும் கட்டாயமாக்கவில்லை. சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் குளிர்காலத்தில் இது காசாகவே தெரியும்.

இனி உங்கள் நிலைமைக்கு. ஓவர்டைம் 45க்கோ 50க்கோ பிறகு என்று எழுதித் தந்து, தொடங்கும் நேரமும் நிலையானது என்றால் பிரம்டன் லோக்கலை எடுங்கள். ஓவர்டைம் 60, நேரமும் மாறும் என்றால் எடுக்காதீர்கள்; ஸ்காபரோவில் இருந்து அந்தப் பயணத்தோடு அது நிற்காது. அப்படியானால், காத்திருப்புக்குக் காசு தருகிற ரீஜினல் நல்லது, மனைவி நாலு நாள் தனியே சமாளிக்க ஒத்துக்கொண்டால். அதை அவரோடு இருந்து கதைத்து முடிவெடுங்கள், "கொம்பனி சொல்லிவிட்டது" என்று வந்து சொல்லாதீர்கள்.

இரண்டும் சரிவராவிட்டால் நீங்கள் கேட்காத மூன்றாவது ஒன்று இருக்கிறது. அயேக்ஸ், பிக்கரிங், ஓஷாவாப் பக்கத்து யார்ட்களில் இருந்து மொன்றியல் சரக்கு ஓடுகிற கொம்பனிகள் இரவில் கிங்ஸ்டன் பக்கம் ஸ்விச் வைக்கும். நீங்கள் இங்கிருந்து ஒரு ட்ரெயிலர் கொண்டுபோக, மொன்றியல் சாரதி அங்கிருந்து ஒன்று கொண்டுவர, நடுவழியில் மாற்றிக்கொண்டு அவரவர் வீட்டுக்குத் திரும்புவது. போய்வர ஏறக்குறைய 500 கிலோமீட்டர், 310 மைல். 62 சதத்தில் 192 டொலரும் கொக்கி மாற்றுகிற காசும். எட்டு ஒன்பது மணித்தியால வேலை. டொக் இல்லை, எல்லை இல்லை, யார்ட் வீட்டில் இருந்து இருபது நிமிடம். இரவு வேலை, பகல் நித்திரை என்பதுதான் விலை, ஆனால் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிவிட்டுப் படுக்கலாம். மாற்றுகிற இடத்தில் சீல் இலக்கத்தைத் தாளோடு ஒப்பிடுங்கள். ஐந்தாம் சில்லின் (ட்ரக்கில் ட்ரெயிலரைக் கொளுவுகிற தட்டு) தாடை கிங் பின்னை (ட்ரெயிலரின் அடியில் இருக்கிற கொளுவு முளை)ச் சுற்றிப் பூட்டியிருக்கிறதா என்று டோர்ச் அடித்துக் கண்ணால் பாருங்கள். ட்ரெயிலர் பிரேக்கில் நிற்க மெதுவாக ஒருதரம் இழுத்துப் பாருங்கள். ட்ரெயிலரின் தாங்கு கால்கள் முழுதும் மேலே ஏறிய பிறகு வெளிக்கிடுங்கள். வேலையை ஒத்துக்கொள்ள முன், மொன்றியல் ஆள் பனியில் மாட்டி இரண்டு மணித்தியாலம் பிந்தி வந்தால் கிங்ஸ்டனில் நீங்கள் நிற்கிற அந்த இரண்டு மணித்தியாலத்துக்கு யார் காசு தருவது என்று அங்கேயும் கேளுங்கள்.